இடது ஓரத்தில் இல்லாத பக்கங்கள்

செம்பூர்,
4 நவம்பர் 2025

அன்புள்ள ஆஸியாவுக்கு,

நாலு நாளாக உனக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒருதடவை அடித்து அடங்கிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் உன் படத்தையும் காணோம். "அம்மா, உன்னை பிளாக் பண்ணியிருக்கா" என்று ஷ்ருதி சிரித்துக்கொண்டே சொன்னாள். ஐம்பத்தெட்டு வயதில் இது வேறு. கணுக்காலில் கட்டு, மகள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாட்டுங்காவில் என் வீட்டில் இருந்திருந்தால் நொண்டிக்கொண்டாவது ஒரு டாக்ஸி பிடித்து உன் பட்டறை வாசலில் வந்து நின்றிருப்பேன். அதற்கு வழியில்லாமல் பேனாவை எடுத்தேன். செவ்வாயும் வெள்ளியும் உன் தோல் பைகளை ஏற்றிக்கொண்டு தேவ்நார் போகிற டெம்போ இந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. டிரைவர் மாரிசெல்வத்தைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

போனில் நான் கத்தினது தப்பு. ஆனால் கத்தினதற்குக் காரணம் உண்டு, அதைக் கேட்காமலே நீ வைத்துவிட்டாய். சனிக்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதி வைக்கிற ஆப்பில் 'ஆஸியா பட்டறை' என்ற தலைப்பின் கீழ், இடது ஓரத்தில் பன்னிரண்டு பக்கங்கள் இருக்க வேண்டும். உன் வாக்குமூலம் ஒன்று. உன்னிடம் வேலை பார்க்கிற, உன்னைச் சுற்றிக் குடியிருக்கிற பதினொரு பெண்களின் சாட்சி பதினொன்று. நீங்கள் சொல்லச் சொல்ல இரண்டு மாதம் நான் தட்டினது. அன்றைக்கு அங்கே ஒன்றுகூட இல்லை. கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் உன் கொழுந்தன் மன்சூர் அலி வந்து பேசிவிட்டுப் போனார் என்று நீயே சொல்லியிருந்தாய். நான் வேறு என்ன நினைப்பேன்?

விசாரணை இருபத்தெட்டாம் தேதி. உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். கோபத்தில் இருக்கிறவளுக்கு இன்னொருதரம் சொன்னால் தப்பில்லை. அந்தப் பட்டறைக்கு உரிமையாளர் யார் என்று சர்வே ஆபீசில் அன்றைக்குத்தான் எழுதப்போகிறார்கள். கரண்ட் பில் மன்சூர் அலி பேரில் வருகிறது. உன் வீட்டுக்காரர் ஷகீல் தவறிப்போன பிறகு ஒன்பது வருஷமாக நடத்துகிறது நீ, ஆனால் உன் பேரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவர் பேர் ஏறிவிட்டால், தாராவியை இடித்துக் கட்டிய பிறகு கிடைக்கிற மாற்று இடம் அவருக்குப் போகும். அதைக் கோடவுனாக விடப்போகிறேன் என்று அவர் தெருவுக்கே சொல்லிவிட்டார். நீயும் உன்னை நம்பி மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற ஒன்பது பெண்களும் எங்கே போவீர்கள்? அந்தப் பன்னிரண்டு பக்கத்தை விட்டால் உனக்கு வேறு பிடி இல்லை.

பயந்துபோய் அழித்துவிட்டாய் என்றால் சொல்லிவிடு. திட்டமாட்டேன். முதலிலிருந்து தட்ட எனக்குக் கை இருக்கிறது, கால்தான் இல்லை.

உன்,
ருக்கு

*

தாராவி,
7 நவம்பர் 2025

ருக்மணி அம்மாள் அவர்களுக்கு ஆஸியா எழுதுவது.

நான் முனிசிபல் ஸ்கூலில் ஏழாவது வரைக்கும்தான் தமிழ் படித்தேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். படித்துக்கொள்ளுங்கள்.

திட்டமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப உபகாரம். போனில் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "கொழுந்தனைக் கண்டு தொடை நடுங்கி எல்லாத்தையும் அழிச்சுட்டே. உனக்காக ரெண்டு மாசம் என் கண்ணைக் கெடுத்துண்டேன்" என்றீர்கள். என் கையெல்லாம் பசை. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தேன். ஒன்பது பேரும் கேட்டார்கள். சாயிமா பசை டப்பாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறவள் அவள். அவள் முன்னால் எனக்கு அப்படி ஒரு அவமானம் வந்ததில்லை.

மன்சூர் வந்தது உண்மை. ஏணியேறி வந்து தையல் மிஷினைத் தடவிப் பார்த்தார். "மைனி, எதுக்கு ஆபீஸு, விசாரணன்னு அலையுதிய? எம் பேர்ல இருந்தா என்ன, ஒங்க பேர்ல இருந்தா என்ன? ஒங்கள நான் விட்டுருவனா?" என்றார். "டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றேன். குடித்துவிட்டுப் போனார். இதில் தொடை எங்கே நடுங்கிற்று என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் எதையும் அழிக்கவில்லை. பன்னிரண்டு பக்கமும் என் போனில் இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வைக்கவேண்டிய இடத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் கண்ணில் படவில்லை என்றால் கண்ணாடியை மாற்றுங்கள்.

விசாரணைக்கு நான் போவேன். மழை கொட்டினாலும் போவேன். சாட்சியெல்லாம் எழுத்தில் இருந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்று நோட்டீசில் போட்டிருக்கிறது. அச்சு எடுப்பதற்கு முன்னால் ஒருதரம் பிழை பார்த்துத் தருகிறேன் என்று சொன்னவர் நீங்கள். அந்த ஒரு வேலை பாக்கி இருப்பதால்தான் பதில் போடுகிறேன். சொன்ன வேலையை முடித்துக் கொடுங்கள். அதற்குப் பிறகு நமக்குள் பேச ஒன்றும் இல்லை.

ஆஸியா

*

செம்பூர்,
11 நவம்பர் 2025

ஆஸியாவுக்கு,

ஸ்பீக்கரில் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பேனோ என்னவோ. எனக்கு நாக்கு நீளம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் இப்போது வெளியே வருகிறது. அந்த ஒன்பது பேரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் இன்னும் கேட்கவில்லை. பக்கங்கள் முதலில் கிடைக்கட்டும்.

கண்ணாடி போன மாதம்தான் மாற்றினேன்.

ஆபீசில் ஃபைல் காணாமல் போனால் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டே ஒரு காரியம் செய்வோம். அவரவர் மேஜையில் என்னென்ன இருக்கிறது என்று ஒருத்தருக்கொருத்தர் வாய்விட்டுச் சொல்வோம். பாதி ஃபைல் அப்படித்தான் அகப்படும். ஆகவே என் திரையில் இருப்பதைச் சொல்கிறேன். பேர்களெல்லாம் இங்கிலீஷில் இருக்கின்றன, நான் அர்த்தத்தை எழுதுகிறேன்.

திரை மூன்று பாகம். இடது ஓரத்தில் நெடுக ஒரு பட்டி. அதன் தலையில் 'ஆஸியா பட்டறை'. கீழே 'தேடு' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'எல்லோருக்கும் பொது', அதற்கும் கீழே 'என் சொந்தம்'. 'பொது' என்பதன் பக்கத்தில் சின்ன முக்கோணம் இருக்கிறது. அதை அழுத்தினால் நம் பக்கங்களின் பெயர்கள் வரிசையாக விரிய வேண்டும். அழுத்துகிறேன், விரிகிறது, உள்ளே ஒன்றுமில்லை. திரையின் நடுவில் பெரிய வெள்ளை. அதுதான் எழுதுகிற இடம். இடது பட்டியில் எந்தப் பக்கத்தைத் தொடுகிறோமோ அது நடுவே வந்து உட்காரும். வலது ஓரத்தில் இன்னொரு பட்டி, பாதி நேரம் மூடியே கிடக்கும். அதில் ஓரக்குறிப்பு போடுவதற்கு ஒரு படம், அதற்குக் கீழே கடிகாரப் படம் ஒன்று.

அந்தக் கடிகாரம் பொல்லாதது. ஒரு பக்கத்தில் யார், எந்தத் தேதியில், எந்த வார்த்தையை மாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடும். ஆனால் பக்கத்தைத் திறந்தால்தான் அது வேலை செய்யும். எனக்குப் பக்கமே இல்லை. உன்னிடம் இருப்பது நிஜமென்றால் நீ அதை அழுத்திப் பார். யார் என்ன செய்தோம் என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிடும்.

நான் சொன்ன இந்த மூன்று பாகத்தில் எது நீ சொல்கிற 'வைக்கவேண்டிய இடம்'? மழுப்பாமல் எழுது. பதினேழு நாள்தான் இருக்கிறது.

ருக்கு

*

தாராவி,
14 நவம்பர் 2025

ருக்கு அம்மாவுக்கு,

ஒன்பது பேரிடமும் சொன்னேன். சாயிமா, "பெரிய மனுசி, போகட்டும்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நீங்கள் சொன்ன மூன்று பாகம் என் போனில் இல்லை. உள்ளங்கை அகலத்தில் மூன்று எங்கே வைப்பது? ஒரே பாகம்தான், எழுதுகிற இடம். தலையில் இடது மூலையில் மூன்று கோடு இருக்கிறது. அதைத் தொட்டால் உங்கள் இடது பட்டி வந்து எழுத்தையெல்லாம் மூடிக்கொள்ளும். வேண்டிய பக்கத்தைத் தொட்டதும் தானாகப் போய்விடும். எங்கள் வீட்டு மடக்குக் கட்டில் மாதிரி, தேவைக்கு விரி, தேவையில்லாதபோது மடக்கு. வலது பட்டியையும் கடிகாரத்தையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. இத்தனை நாளும் நீங்கள் "இடது பக்கம் பார், வலது பக்கம் பார்" என்று போனில் சொல்வீர்கள். எனக்குப் பக்கமே இல்லை. சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். கேட்டால் மரமண்டை என்று நினைப்பீர்களே என்று கேட்கவில்லை.

அந்தப் பட்டியில் விரலால் தள்ளிக்கொண்டே கடைசிவரைக்கும் போனால் இரண்டு படம் இருக்கும். ஒன்று குப்பைக்கூடை. இன்னொன்று அட்டைப்பெட்டி. பன்னிரண்டும் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது.

ஏன் பெட்டியில் போட்டேன் என்று கேட்பீர்கள். எங்கள் பட்டறையில் ஒரு பை மேஜைமேல் கிடந்தால் அது முடியாத வேலை. யாராவது எடுத்து இன்னொரு தையல் ஓட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். முடிந்த பை அந்த நிமிடமே அட்டைப்பெட்டிக்குள் போகணும், டேப் ஒட்டணும். ஒட்டின பெட்டியை யாரும் பிரிக்கக் கூடாது, நான்கூட. இது என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலேயே நான் போட்ட சட்டம். முப்பத்தொன்றாம் தேதி நீங்கள் போன் செய்து, "பன்னெண்டும் முடிஞ்சுது ஆஸியா" என்றீர்கள். அன்றைக்கே பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டியில் போட்டேன். அதற்குப் பிறகு திறந்து படிக்கவில்லை.

உங்களுக்கு மேஜை காலியானால் சரக்கு திருட்டுப்போச்சு. எங்களுக்கு மேஜை காலியானால் வேலை முடிந்தது. உங்கள் ஆபீசில் பழக்கம் வேறு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அட்டைப்பெட்டியைத் தேடுங்கள். அது இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஆஸியா

*

செம்பூர்,
18 நவம்பர் 2025

அன்புள்ள ஆஸியாவுக்கு,

ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு நாள் நீ கதை விடுகிறாய் என்றுதான் நினைத்தேன். என் திரையில் பெட்டியும் இல்லை, கூடையும் இல்லை. 'என் சொந்தம்' என்ற வரியோடு பட்டி முடிந்துவிட்டது, அதற்குக் கீழே திரையின் சட்டம்தான். மௌஸைப் பிடித்து உருட்டு உருட்டென்று உருட்டினேன். நடுவில் இருக்கிற வெள்ளைதான் ஏறி இறங்கிற்றே தவிர இடது ஓரம் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை நகுல் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு வந்தான். "அம்பைக் கொண்டுபோய் இடது பட்டி மேல வச்சுண்டு உருட்டுங்கோ" என்றான். வைத்து உருட்டினேன். பட்டி தனியாக மேலே ஏறிற்று. கீழே அட்டைப்பெட்டியும் குப்பைக்கூடையும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. மூன்று பாகமும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அடுத்த வீடு திறக்காது என்பது எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்காகப் போன மாதம் எழுத்தையெல்லாம் பெரிதாக்கி வைத்தவன் இவனேதான். எழுத்து பெருத்ததில் கடைசி இரண்டு வரியும் திரைக்குக் கீழே போய்விட்டன.

பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டும் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷ்ருதி கால் வலிக்கிறதா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். உன்னைச் சந்தேகப்பட்டேன், உன்னைப் பெற்ற தாய் மாதிரி நினைக்கிறவர்கள் எதிரில் உன்னைச் சிறுமைப்படுத்தினேன். இப்போது கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

பக்கங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி 'பொது'வில் வைத்துவிட்டேன். அச்சு எடுக்கிறவரைக்கும் அங்கேயே இருக்கட்டும், உன் சட்டத்துக்கு ஒரு வாரம் லீவு கொடு. இன்னொன்று. இதையெல்லாம் எப்போது எழுதினீர்கள், நேற்று உட்கார்ந்து ஜோடித்ததா என்று விசாரணையில் கேட்பார்கள். அந்தக் கடிகாரம்தான் பதில். போனில் ஒரு பக்கத்தைத் திறந்துகொண்டு மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் உள்ளே கடிகாரம் இருக்கிறதாம், நகுல் பார்த்துச் சொன்னான். அன்றைக்கு நான் உன் பக்கத்தில் இருக்கமாட்டேன். நீயே உன் கையால் திறந்து பழகிக்கொள். முதலில் உன் வாக்குமூலத்தில் பார்.

உன்,
ருக்கு

*

தாராவி,
21 நவம்பர் 2025

ருக்கு அக்கா,

இந்தக் கடிதத்தை அக்கா என்றுதான் எழுத ஆரம்பித்தேன். நடுவில் எழுந்துபோய் நீங்கள் சொன்ன மூன்று புள்ளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். அக்கா என்று எழுதியதை அழிக்கவில்லை. நான் அழிக்கிறவள் இல்லை.

கடிகாரம் நல்ல கடிகாரம். என் வாக்குமூலத்துக்கு அது இரண்டு தேதி காட்டுகிறது. அக்டோபர் பன்னிரண்டு, நான் சொல்ல நீங்கள் எழுதினது. அதில் என் வார்த்தை அப்படியே இருக்கிறது. "இந்தப் பட்டறை என்னுடையது. தோல் வாங்கினது, ஆள் வைத்தது, வேலை பழக்கினது, சரக்கு அனுப்பினது எல்லாம் நான்." அடுத்தது அக்டோபர் இருபது, மதியம் மூன்று மணி, ருக்கு. என் வரியின்மேல் சிவப்புக் கோடு. அதன் இடத்தில் பச்சையில் வேறு ஒரு வரி. "என் கணவர் குடும்பத்தாரின் ஆதரவோடு இந்தப் பட்டறையை நான் கவனித்து வருகிறேன்."

ஐந்தாறு தடவை படித்தேன். எனக்குத்தான் தமிழ் சரியாக வரவில்லையோ என்று சாயிமாவிடம் படித்துக் காட்டினேன். "கவனிச்சு வாரேன்னா என்ன மைனி? நம்ம பில்டிங் வாட்ச்மேன்கூடத்தான் பில்டிங்க கவனிச்சு வாரான்" என்றாள்.

இந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன் அக்கா. மன்சூர் வாயே திறந்திருக்க வேண்டாம். நானே என் கையால் அவருக்கு எழுதிக்கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். முடிந்ததைத் திரும்பப் பார்க்கக் கூடாது என்ற என் சட்டத்தால் நானும் படிக்கவில்லை. அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். நமக்குள் சண்டை வந்ததே நல்லது. இல்லாவிட்டால் நான் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கவே மாட்டேன்.

பழைய வரியைத் திரும்பக் கொண்டுவர ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன், வந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்னொன்றும் செய்தேன். மேலே யார் யாருக்கு இந்த இடம் என்று காட்டுகிற இடத்தில் உங்கள் பேர் பக்கத்தில் 'எழுதலாம்' என்று இருந்தது. அதைப் 'பார்க்கலாம், குறிப்பு போடலாம்' என்று மாற்றிவிட்டேன். விசாரணை முடிகிறவரைக்கும் என் பக்கத்தில் என்னைத் தவிர யாரும் எழுதக் கூடாது.

பட்டறையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள மன்சூர் நினைத்தார். ஏணியேறி வந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டார். நீங்கள் ஏன் அக்கா கேட்கவில்லை?

ஆஸியா

*

செம்பூர்,
25 நவம்பர் 2025

ஆஸியா,

லேப்டாப்பைத் திறந்து உன் வாக்குமூலத்தில் கையை வைத்தேன். ஒரு எழுத்துகூட நகரவில்லை. உனக்கு அந்த உரிமை உண்டு. எனக்கு வலிக்கத்தான் செய்தது, ஆனால் அது எனக்கு வரவேண்டிய வலிதான்.

அந்த வரியை மாற்றினது நான். அக்டோபர் இருபது, மதியம் மூன்று மணி என்று கடிகாரம் சொல்கிறது. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து மாற்றினேன் என்பதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் தப்பு இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் உன்னையே அந்தக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி எழுதினேன்.

ஏன் கேட்கவில்லை என்கிறாய். ஆபீசில் முப்பது வருஷம் விதவைகளின் மனுக்களைப் படித்தவள் நான். "இது எனக்கு வரவேண்டியது" என்று எழுதினவளின் ஃபைலில் உடனே நாலு ஆட்சேபம் வந்து விழும். "குடும்பத்தாரின் சம்மதத்தோடு, தாழ்மையுடன்" என்று எழுதினவளின் ஃபைல் ஓசைப்படாமல் நகரும். நானே எத்தனை பேருக்கு அப்படி மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. உன்னுடைய வரியைப் பார்த்ததும் கை தானாக அந்தப் பக்கம் போயிற்று. உன்னிடம் கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. நீ பயந்துவிட்டாய் என்று ஊர் கேட்கக் கத்தினேன். பயந்தது நான்தான் ஆஸியா.

இப்போது எனக்குக் குறிப்பு போடுகிற உரிமை மட்டும் இருக்கிறது. ஒரே ஒரு குறிப்பு போட்டிருக்கிறேன், உன் வாக்குமூலத்தின் வலது ஓரத்தில் மஞ்சளாக இருக்கும். போனில் எங்கே தெரியும் என்று எனக்குத் தெரியாது, ஆகவே இங்கேயும் எழுதுகிறேன். "இந்தப் பட்டறை என்னுடையது" என்ற வரி நாலாவது பத்தியில் இருக்கிறது. அதை எடுத்து முதல் வரியாகப் போடு. நாற்பது ஃபைல் பார்க்க வேண்டிய அதிகாரி மேலே ஒரு வரியும் கீழே கையெழுத்தும்தான் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்தேன். போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

பதினொரு சாட்சிகளையும் படித்தேன். எழுத்துப்பிழை ஏழு இருக்கிறது. எங்கெங்கே என்று பின்பக்கத்தில் குறித்திருக்கிறேன், நீயே திருத்திக்கொள்.

இன்னும் ஒன்று. விசாரணையில் கடிகாரத்தைத் திறந்து காட்டினால் அது இருபதாம் தேதியையும் சேர்த்துத்தான் காட்டும். மறைக்காதே. என் பேரைச் சொல்லிவிடு.

ருக்கு

*

தாராவி,
29 நவம்பர் 2025

அன்புள்ள ருக்கு அக்காவுக்கு,

காலையில் உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் போன் செய்யவில்லை. போனில் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நடந்ததை எழுத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றியது. மாரிசெல்வம் செவ்வாய்தான் வருவான். அதுவரைக்கும் பொறுத்திருங்கள்.

உங்கள் குறிப்பு என் போனில் வரியின் ஓரத்தில் சின்ன மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது. தொட்டதும் விரிந்தது. நீங்கள் சொன்னபடி அந்த வரியை மேலே கொண்டுபோய் வைத்தேன். ஏழு பிழையையும் திருத்தினேன். கடையில் மூன்று செட் அச்சு எடுத்தேன். பட்டறைக்கு அன்றைக்குப் பூட்டு. சயான் வரைக்கும் பஸ், அங்கேயிருந்து நடை. பதினொரு பேரும் வந்தார்கள். பீவிம்மா முட்டுவலியோடு வந்தாள்.

மன்சூர் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் கரண்ட் பில். அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அங்கேயே வேலை பார்க்கிற கணேசபாண்டியன் என்ற கிளார்க்கைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவர் முதல் வரியைத் தமிழில் சத்தமாகப் படித்தார். "இந்தப் பட்டறை என்னுடையது." பிறகு அதையே மராட்டியில் சொன்னார். அதிகாரி அதுவரைக்கும் குனிந்து வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் சொன்னது சரி அக்கா, மேலே ஒரு வரிதான்.

நீங்கள் பயந்தபடியே கேட்டார், இதையெல்லாம் எப்போது எழுதியது என்று. போனைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டுக் கடிகாரத்தைக் காட்டினேன். கணேசபாண்டியன் தேதிகளைப் படித்துக்கொண்டே வந்தார். இருபதாம் தேதியில் நின்றார். சிவப்பையும் பச்சையையும் படித்துச் சொன்னார். மன்சூர் எழுந்தே விட்டார். "சாப், பாருங்க, குடும்பத்தோட ஆதரவுல கவனிச்சு வர்றேன்னு அவங்களே எழுதியிருக்காங்க" என்று ஹிந்தியில் சொன்னார்.

அந்த நேரம் எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது. உங்கள் பேரைச் சொல்லி எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டிருக்கலாம், நீங்களே அனுமதி கொடுத்திருந்தீர்கள். அதிகாரி யார் இந்த ருக்கு என்று கேட்டார். "என் அக்கா" என்றேன். "எனக்குக் கெடுதல் வந்துரக்கூடாதுன்னு பயந்து மாத்துனாங்க. அது அவங்க வார்த்தை. நான் சொன்னது மேலே இருக்கு. அவங்க மாத்துனதையும் பாருங்க, நான் திரும்ப எடுத்ததையும் பாருங்க. ரெண்டுக்கும் தேதி இருக்கு" என்றேன். என் பம்பாய் ஹிந்தியில் தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். ஆனால் குரல் நடுங்கவில்லை.

அதிகாரி மன்சூரைப் பார்த்து, பில்லை நான் பார்த்துவிட்டேன், பட்டறையை நடத்துகிறது யார், அதைச் சொல் என்றார். மன்சூர் பின்னால் திரும்பினார். பதினொரு பேரும் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அதில் நாலு பேர் அவருடைய கல்யாணத்துக்குப் பந்தலில் வேலை செய்தவர்கள் என்று அவருக்கே தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. "மைனிதான்" என்றார்.

உரிமையாளர் என்ற கட்டத்தில் கிளார்க் என் பேரை எழுதினார். ஜனவரியில் பட்டியல் வரும், அதுவரைக்கும் ஆட்சேபம் சொல்லலாம் என்றார்கள். சொல்லட்டும், நான் மறுபடி போவேன். பன்னிரண்டு பக்கமும் பத்திரமாக இருக்கிறது. உங்கள் கால் கட்டை எப்போது பிரிக்கிறார்கள் என்று எழுதுங்கள். நானே வந்து படி இறக்கிக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சாயிமாவும் வருவாள், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்வோம்.

வெளியே வந்ததும் மன்சூர் வாசலில் காத்திருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"இத வீட்டுலயே சொல்லியிருக்கலாமே மைனி. இத்தன பேர் முன்னால சொல்லணுமா?" என்றார்.

"ஒம்போது வருசமா வீட்டுலதான் சொன்னேன் தம்பி. யாரும் எழுதி வைக்கல."

இப்படிக்கு,
ஆஸியா